ஓப்பன் கார்ல நல்லூருக்கு... கத்திரி வெயிலில் ஒரு பயணம்!

ஏப்ரல் கடைசி வாரம் வந்துவிட்டால் எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் ஒரு வேலை தவறாமல் என் தலையில் விழும். சம்மர் டிப்ஸ். ‘கோடையில் என்ன சாப்பிடலாம்?’, ‘வெயிலில் சருமத்தைப் பாதுகாப்பது எப்படி?’, ‘ஏ.சி பில் குறைய 7 வழிகள்’. மூன்று வருஷமாக எழுதுகிறேன். தண்ணீர் குடியுங்கள், பருத்தி ஆடை அணியுங்கள், 12 மணி முதல் 3 மணி வரை வெளியே போகாதீர்கள். இந்த மூன்றையும் எத்தனை விதமாகத் திருப்பிப் போட முடியுமோ அத்தனை விதமாகவும் போட்டுவிட்டேன்.

இந்த வருஷம் புதுசாக ஏதாவது வேண்டும் என்று பேச்சு வந்தபோது, சும்மா இல்லாமல் வாயை விட்டேன். “என் ஃப்ரெண்டோட அப்பாகிட்ட ஓப்பன் கார் இருக்கு. ரெண்டே சீட்டு. பட்டனைத் தட்டினா கூரை மடிஞ்சு பின்னாடி போயிடும். கத்திரி வெயில்ல அதை ஓட்டிக்கிட்டு எப்படிக் கூலா இருக்கறதுன்னு ஒரு வீடியோவும் கட்டுரையும் பண்ணலாமா?”

கேட்டவர்களுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

தோழிக்கும் பிடித்துவிட்டது. “ஈ.சி.ஆர்ல போய் போரடிச்சிருச்சு. உங்க ஊருக்கே போலாம்டி” என்றாள். எங்கள் ஊர் நல்லூர். சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் உளுந்தூர்பேட்டை தாண்டி, வேப்பூர் கூட்டு ரோட்டில் விருத்தாசலம் பக்கம் திரும்ப வேண்டும். அப்பாவுக்கு விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் வேலை. 26 வருஷமாகச் சூளையில் நிற்கிறார். அகல் விளக்கு, பொம்மை, ஃபியூஸ் கேரியர் என்று எது வந்தாலும் வேகவைத்து இறக்குவது அவர் பொறுப்பு. முதலில் கேட்டதும், ‘ஓப்பன் காரில் எங்கள் தெருவில் போய் இறங்கினால் எப்படி இருக்கும்’ என்றுதான் நினைத்தேன். மறைக்க என்ன இருக்கிறது?

போவதற்கு முன்னால் கொஞ்சம் படித்தேன். நம் ஊரில் ஓப்பன் கார் என்பதே அபூர்வம். 1990-களின் கடைசியில் ‘சான் ஸ்டார்ம்’ என்று இரண்டு சீட் வைத்த குட்டிக் கார் ஒன்று இந்தியாவிலேயே தயாரானது, அதிகம் ஓடவில்லை. இப்போது துணிக் கூரை போட்ட தார் வண்டிகளைப் பார்க்கலாம். மற்றபடி எல்லாமே வெளிநாட்டுக் கார்கள்தான். குளிர் நாட்டுக்காரர்கள் வருஷத்தில் நாலு நாள் வரும் வெயிலை வீணாக்கக் கூடாது என்று கண்டுபிடித்த வண்டி இது. நமக்கோ வருஷம் பூராவும் வெயில். அதிலிருந்து தப்பிக்கத்தான் நாம் கூரையே போடுகிறோம்!

இன்னொரு விஷயமும் தெரிந்துகொண்டேன். எங்கள் பக்கம் ஏப்ரல் 20-ஐ ஒட்டி சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கு வந்துவிடும். அன்றைக்கு நட்டுவைத்த கம்புக்குக்கூட நிழல் விழாது. மே மாதத்தில் சற்றே வடக்கே நகர்ந்தாலும் உச்சியை விட்டு அதிக தூரம் போவதில்லை. அதாவது, மதியம் 12 மணிக்குக் கூரை இல்லாத காரில் உட்கார்ந்தால் கண்ணாடி, கதவு, சீட்டின் முதுகு எதனுடைய நிழலும் நம் மேல் விழாது. தலைதான் கூரை.

விடியற்காலை 5 மணிக்குக் கிளம்புவதாகத் திட்டம். கிளம்பியது எட்டரைக்கு. (கேமராவுக்கு சார்ஜ் போட மறந்தது நான். மேக்கப் போட்டது அவள்.)

தாம்பரம் தாண்டும்வரை சொர்க்கம். காற்று முடியைக் கலைக்கிறது, பைக்கில் போகும் பையன்கள் எட்டிப் பார்க்கிறார்கள், பஸ் ஜன்னலில் இருந்து ஒரு குழந்தை கையாட்டுகிறது. பழைய கலர் படங்களில் ஓப்பன் காரில் போகும் ஹீரோயின் ஏன் தலையில் ஸ்கார்ஃப் கட்டியிருக்கிறார் என்பது சிங்கப்பெருமாள் கோவிலில் புரிந்தது. அது ஸ்டைல் இல்லை, தேவை. என் தொப்பி பரனூர் டோல்கேட்டுக்கு முன்னாலேயே பறந்துவிட்டது.

ஓப்பன் காரில் ஓடிக்கொண்டிருக்கும்வரை சமாளிக்கலாம், நின்றால்தான் கஷ்டம். டோல்கேட்டில் வரிசையில் நின்ற இரண்டு நிமிஷத்தில் மேலிருந்து சூரியன், கீழிருந்து தார் ரோடு, முன்னாலிருந்து இன்ஜின், பக்கத்திலிருந்து லாரியின் புகை என்று நாலு பக்கமும் அனல். ஏ.சி-யைப் போட்டோம். காலுக்கு மட்டும் குளிர்ச்சி தெரிந்தது. இடுப்புக்கு மேலே அந்தக் காற்று என்ன ஆனதென்றே தெரியவில்லை. 2024-ல் சென்னையில் சிக்னல்களில் பச்சை வலைப் பந்தல் போட்டார்களே, அதன் அருமையை அன்றைக்குத்தான் உணர்ந்தேன். அப்போது அந்தச் செய்தியையும் நான்தான் டைப் செய்தேன், ஏ.சி அறையில் உட்கார்ந்துகொண்டு.

தெற்கே போகிற வண்டியில் காலை வெயில் இடது பக்கமாகப் பின்னாலிருந்து அடிக்கிறது. முகத்தில் வெயிலே இல்லையே என்று நிம்மதியாக இருந்தேன். பிடரி வெந்துகொண்டிருந்தது மறுநாள்தான் தெரிந்தது. முகத்துக்கு மட்டும் சன்ஸ்கிரீன் பூசியிருந்தேன். காதுக்கும் பிடரிக்கும் பூச வேண்டும் என்று நானே ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறேன். இரண்டாவது பாயின்ட்.

விக்கிரவாண்டி தாண்டி நான் ஓட்ட ஆரம்பித்தேன். மணி 11.30 இருக்கும். “மூடிடலாமாடி?” என்று தோழி கேட்டாள். “வீடியோ பாதிதான் எடுத்திருக்கோம். நல்லா வெயில் அடிக்கட்டும், அப்பதான் ஃபீல் கிடைக்கும்” என்றேன். இந்த வசனத்துக்காக என்னை யாராவது நாலு சாத்து சாத்தியிருக்க வேண்டும்.

காற்று வேகமாக அடித்தால் குளிர்ச்சி என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். ஒரு அளவு வரைக்கும் அது சரி. நம் தோலின் சூடு ஏறக்குறைய 35 டிகிரி. அதைவிடக் குறைந்த சூட்டில் வீசும் காற்று நம் உடம்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். 40 டிகிரியில் வீசும் காற்றோ அதன் சூட்டை நமக்குத் தந்துவிட்டுப் போகும். அப்போது நம்மைக் காப்பாற்றுவது வேர்வை மட்டும்தான். அது ஆவியாகும்போது சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும். வெப்பம் 40 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் மின்விசிறியை நம்பலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. ஓப்பன் கார் என்பது 80 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றும் மின்விசிறிக்கு முன்னால் உட்காருவது மாதிரி. வேர்வை வந்த நொடியே காய்ந்துவிடும். சட்டை நனைவதில்லை, அதனால் நமக்கு வேர்க்கவே இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். தண்ணீர் பாட்டில் காலுக்கடியில் கிடக்கும், எடுக்கத் தோன்றாது.

எனக்கும் தோன்றவில்லை. உளுந்தூர்பேட்டையை நெருங்கும்போது லேசாகத் தலைவலி. பிறகு கையில் மயிர்க்கூச்செறிந்தது. கொளுத்துகிற வெயிலில் எனக்குக் குளிர்கிற மாதிரி இருந்தது. அது நல்லதற்கில்லை என்பதுகூட அப்போது மூளைக்கு எட்டவில்லை. முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு எரிந்ததைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். தோழி கத்தியதும்தான் பிரேக்கை மிதித்தேன். லாரியின் பின்பக்கத்துக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு சைக்கிள் நிற்கிற அளவு இடம் இருந்தது.

வண்டியை ஓரம்கட்டி, ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, கூரையை மூடி, அவள் ஓட்ட ஆரம்பித்தாள். மீதி தூரம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டுகிறவர்களும் திறந்த காரில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். 2023-ல் கத்தார் பந்தயத்தில் வெக்கை தாங்காமல் ஒருவர் பாதியிலேயே விலகினார், இன்னொருவர் ஹெல்மெட்டுக்குள்ளேயே வாந்தி எடுத்தார். அதற்குப் பிறகுதான் குழாய் வழியாகக் குளிர்ந்த திரவம் ஓடும் பனியன் எல்லாம் விதிமுறைக்குள் வந்தது. உலகத்திலேயே உடம்பைக் கட்டுக்கோப்பாக வைத்திருக்கும் ஆட்களுக்கே அந்தக் கதி. நான் ஒரு டோனட்டும் காபியும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியிருந்தேன்.

அன்று அப்பாவுக்கு வார விடுமுறை. தெருவில் கார் நுழைந்ததும் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். நான் கனவு கண்ட காட்சிதான். ஆனால், கதவைத் திறந்து இறங்கும்போது கால் பின்னியது. அப்பா என் முகத்தைப் பார்த்தார், காரைப் பார்க்கவே இல்லை.

“பாப்பா, உள்ள வராத. திண்ணையிலயே உக்காரு.”

வேப்பமர நிழல் விழும் திண்ணை. தோளில் கிடந்த துண்டைப் பானைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்தார். பிடரியில் ஒன்று, இரண்டு அக்குளிலும் என்று வைத்து, விசிறியால் விசிறினார். அம்மா கொண்டுவந்த மோரில் உப்பு போதாது என்று இன்னும் ஒரு சிட்டிகை போட்டார். “மடமடன்னு குடிக்காத. கொஞ்சம் கொஞ்சமா.” தலை எப்படி இருக்கு, இது என்ன கிழமை, கூட வந்த பொண்ணு பேரு என்ன என்று வரிசையாகக் கேட்டார். பதில் சொன்னேன். அதன் பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. புத்தி தடுமாறினால் அது வெறும் மயக்கம் இல்லை, உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் கேள்விகள்.

“இதெல்லாம் எங்கப்பா கத்துக்கிட்ட?” என்று கேட்டேன்.

“நீ எழுதினதுதான” என்றார்.

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. உள்ளே போகத் திரும்பியவர் நின்று, “இனிமேயாவது சொல்லிடுங்க” என்றார் அப்பாவிடம்.

போன வருஷம் மே மாதம். ஷிஃப்ட் முடிந்து மதியம் இரண்டு மணிக்கு அப்பா மொபட்டில் கிளம்பியிருக்கிறார். விருத்தாசலத்திலிருந்து எங்கள் ஊருக்கு மொபட்டில் முக்கால் மணி நேரம் ஆகும். பாதி வழியில் கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. வண்டியை நிறுத்த முடிந்தது; ஸ்டாண்டு போட முடியவில்லை. வண்டியோடு சாய்ந்துவிட்டார். டீக்கடைக்காரர் ஒருவர் ஓடிவந்து, நிழலுக்கு இழுத்துப் போட்டு, குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றி, ஆம்புலன்ஸுக்கு போன் செய்திருக்கிறார். இரண்டு நாள் ஆஸ்பத்திரி. குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார்கள்.

“உனக்குச் சொன்னா வேலைய விட்டுட்டு ஓடியாருவ. சும்மா வெயில் அடிச்சதுக்கு எதுக்குன்னு வுட்டுட்டன்” என்றார் அப்பா, விசிறியை நிறுத்தாமல்.

நான் போனை எடுத்து, போன வருஷ மே மாதத்து வாட்ஸ்அப்பைத் தேடினேன். என் கட்டுரை எது வந்தாலும் குடும்ப குரூப்பில் லிங்க் போடுவேன். ‘வெயிலில் ஒருவர் மயங்கி விழுந்தால் என்ன செய்ய வேண்டும்?’ என்ற கட்டுரையின் லிங்க் இருந்தது. அதற்குக் கீழே அப்பா ஒரு கட்டைவிரல் போட்டு, ‘சூப்பர்’ என்று அனுப்பியிருந்தார். தேதியை அம்மாவிடம் காட்டினேன். ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டாவது நாள்.

அதை எழுத எனக்கு 40 நிமிஷம் ஆனது. வேறு எங்கோ வந்ததையெல்லாம் திரட்டி எழுதியது.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் தோழி அப்பாவைக் காருக்குப் பக்கத்தில் நிறுத்தி, பட்டனைத் தட்டிக் கூரையை மூடித் திறந்து காட்டினாள். அவர் ஆர்வமாகப் பார்த்தார். “மூடி இருக்குதில்ல? மூடிட்டு ஓட்ட வேண்டியதுதான?” என்று கேட்டார். எங்கள் இருவரிடமும் அதற்குப் பதில் இல்லை.

அப்புறம்தான் முறையாகக் கேட்க ஆரம்பித்தேன். 1,200 டிகிரிக்கு மேல் எரிகிற சூளைக்குப் பக்கத்தில் 26 வருஷம் நிற்கிற மனிதர் பக்கத்திலேயே இருக்கும்போது, நான் யார் யாரிடமோ டிப்ஸ் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சூடு ரெண்டு வகை என்றார். காற்றில் இருக்கிற சூடு ஒன்று. நேரா வந்து அடிக்கிற அனல் இன்னொன்று. காற்றுச் சூட்டுக்குத்தான் விசிறியும் ஜன்னலும். அனலுக்கு எவ்வளவு காற்றடித்தாலும் பிரயோஜனம் இல்லை; குறுக்கே ஏதாவது இருக்க வேண்டும். அதனால்தான் சூளையில் வேலை செய்கிறவர்கள் வெற்று உடம்போடு நிற்க மாட்டார்கள். முழுக்கைச் சட்டை, கொஞ்சம் தடித்த பருத்தித் துணி, தொளதொளவென்று. கழுத்தில் ஈரத் துண்டு. நான் ஸ்லீவ்லெஸ் போட்டுக்கொண்டு போனதை அவர் சொல்லிக்காட்டவில்லை. என் தோள்பட்டையைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஓப்பன் காருக்கு இதைவிட நல்ல குறிப்பு எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. முழுக்கைப் பருத்திச் சட்டை, கழுத்தைச் சுற்றி ஈரத் துண்டு, தலையில் தொப்பிக்குப் பதில் இறுக்கிக் கட்டிய முண்டாசு. காற்றில் துண்டு சீக்கிரம் காயும். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் நனைத்துக்கொள்ள வேண்டும். கறுப்பு லெதர் சீட்டு மேல் வெள்ளை டவலை விரித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்; சீட் பெல்ட்டின் இரும்பு நாக்கையும் அதற்குள் மூடி வைக்கலாம். நான் அதில் கையைச் சுட்டுக்கொண்டேன்.

“தாகம் எடுத்தப்புறம் குடிச்சா லேட்டு” என்பது அவருடைய அடுத்த விதி. சூளையில் மணி பார்த்துக் குடிப்பார்களாம். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் மத்தியானத்துக்கு மேல் கால் பிடித்து இழுக்கும். அதனால் உப்புப் போட்ட நீராகாரம் அல்லது மோர். அது கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஸ்பூனைத் தலைதட்டி அளக்க வேண்டும். அந்த அளவு என் கட்டுரையில் இருந்தது என்று அவரே சொன்னார்.

“அப்புறம் 12-லேர்ந்து 3 வரைக்கும் வெளிய போகக்கூடாதுன்னு எழுதியிருந்த. அதையும் கரெக்டா பண்றன்” என்றார்.

“ரெண்டு மணிக்குத்தான ஷிஃப்ட் முடியுது? எப்படிப்பா?”

“அங்கயே ஷெட்டுல சாக்க விரிச்சிப் படுத்துடுவன். நாலரைக்குக் கிளம்புவன்.”

ஒரு வருஷமாக. வேலை முடிந்த பிறகு, தினம் இரண்டரை மணி நேரம். காலை ஐந்தே காலுக்குக் கிளம்பும் மனிதர் சாயங்காலம் ஐந்தேகாலுக்கு வீட்டுக்கு வந்து மத்தியானச் சோற்றைச் சாப்பிடுகிறார். நான் போகிற போக்கில் தட்டிவிட்ட ஒரு வரி. அதை எழுதும்போது, அந்த நேரத்தில் வெளியே இருந்தே ஆக வேண்டியவர்கள் என்ன செய்வார்கள் என்று ஒரு நொடி யோசித்திருந்தால் கூட ஒரு பத்தி சேர்த்திருப்பேன். 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. அந்தச் செய்தியையும் டெஸ்க்கில் நான்தான் எழுதினேன். அதை யாரோ ஒருவருக்கான செய்தியாக மட்டுமே அன்றைக்குப் பார்த்தேன்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கே தோழி எழுந்துவிட்டாள். “அங்கிள், இன்னிக்கு மொபட் வேணாம். நான் கொண்டு போய் விடறேன்” என்றாள். அவர் எவ்வளவோ மறுத்தார். கடைசியில் முண்டாசு கட்டிக்கொண்டு ஏறினார். கூரை திறந்திருந்தது. ரெண்டே சீட்டு என்பதால் நான் வாசலில் நின்றேன். இருட்டு பிரியாத ரோட்டில், சாப்பாட்டுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு அப்பா போனார். ஓப்பன் காருக்கு நம் ஊரில் சரியான நேரம் அதுதான் - விடியலுக்கு முன்னால் ஒரு மணி நேரம், பின்னால் ஒரு மணி நேரம். திரும்பி வந்து அவள் சொன்னாள்: “மணிமுக்தா பாலத்துல மெதுவா போகச் சொன்னாருடி. காத்து நல்லா இருக்காம்.”

மதியம் ஒன்றரைக்கு மறுபடி கிளம்பிப் போனாள். இந்த முறை கூரை மூடி, ஏ.சி போட்டு. முன்கண்ணாடிக்கு உள்ளே வெள்ளைத் திரை வைத்து, பட்டறை வாசல் வேப்பமரத்தடியில் நிறுத்தி, காத்திருந்திருக்கிறாள்.

இரண்டரை மணிக்கெல்லாம் வாசலில் கார் சத்தம். அப்பா இறங்கி, கழுத்திலிருந்த துண்டை எடுத்துப் பார்த்தார். இன்னும் ஈரம் காயவில்லை. “பசிக்குது” என்றார். அம்மா பதறிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார். அஞ்சு மணிக்குத்தானே வருவார் என்று அப்போதுதான் உலை வைத்திருந்தார்.